ஏழாவது கிளிப்பில் ஒரு கண்

சனிக்கிழமை மாலை ஆறு மணி. கப்பலிலிருந்து அப்பா வைத்திருந்த கெடு அதுதான்.

சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருக்கும் அப்பா, வாரம் ஒருமுறை சரியாக அந்த நேரத்துக்குப் போன் செய்வார். போன வாரம் அவர் தம்பியிடம் சொன்னது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"எங்க கப்பல்ல ஒரு எஞ்சினியர் இருக்கார். தங்கமான மனுஷன். அடுத்த மாசம் கரை இறங்கறப்ப நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அக்காகிட்ட கேட்டு வை. அடுத்த சனிக்கிழமை நீதான் எனக்குப் பதில் சொல்லணும். அவ வேண்டாம்னு சொல்லலன்னா, சரின்னு எடுத்துக்குவேன்."

பதில் சொல்ல வேண்டியவன் தம்பி. ஆனால் அந்தப் பதில் அக்காவின் கைப்பைக்குள், ஒரு மஞ்சள் கவரில் இருந்தது.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து பல் செட்டும் கேப்பும் செய்வாள். அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது. கடலில் இருக்கும் அப்பாவுக்குப் பதிலாக அவனுடைய மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவள் அவள். இப்போது அவன் லிஃப்ட் மெக்கானிக், கல்யாணமும் ஆகிவிட்டது. உனக்கு எப்போ கல்யாணம் என்று யாராவது கேட்டால், "கையில வேலை இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று அக்கா எழுந்து போய்விடுவாள்.

கவருக்குள் இருந்த பதிலுக்குக் காரணம் மின்னல்; ஃப்ளாஷ் இல்லாமல் படமே எடுக்காததால் நண்பர்கள் வைத்த பெயர் அது. நகரப் பேருந்து டிரைவர். மூன்று மாதத்துக்கு முன் முன்பல் உடைந்து, கேப்புக்கு நிறம் பார்க்க லேபுக்கு வந்தவர். வந்தவர் தன் கேமராவையும் ஃப்ளாஷையும் கொண்டு வந்து, "நிறம் பாக்கறதுக்குப் போட்டோ வேணும்னா நானே எடுத்துக் குடுக்கறேங்க" என்றார்.

"அந்த ஃப்ளாஷை உள்ள வைங்க. அது போட்டா எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும். ஜன்னல்கிட்ட வந்து வாயைத் திறங்க" என்றாள் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் முடிய வேண்டிய கேப்புக்கு மூன்று மாதமாக நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மின்னல் இன்னும் தற்காலிகக் கேப்போடுதான் பஸ் ஓட்டுகிறார். அது சற்று மஞ்சளாக இருப்பதால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறார்.

சிக்கல் வேறிடத்தில். தம்பியும் மின்னலும் ஒரே போட்டோ குழுவில் இருக்கிறார்கள். எட்டு மாதமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

தம்பிக்கு அங்கே பெயர் ஜன்னல். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் வெளிச்சமே இல்லை என்பது அவன் கட்சி. எட்டு மாதத்துக்கு முன் மின்னல் எடுத்த படத்தைப் பார்த்து, "பஸ் ஹெட்லைட்டைப் போட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்றான். அடுத்த வாரம் மின்னல் இவன் படத்தைப் பார்த்து, "கரண்ட் போன வீடு மாதிரி இருக்கு" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "சார், அவர்கிட்ட அந்த பேட்டரியைக் கேளுங்க" என்பதுதான் அவர்கள் உரையாடல்.

அந்த மனிதரைத்தான் பிடித்திருக்கிறது என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது?

அக்கா மூன்று மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இனித் தள்ள நாளில்லை.

* * *

சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று காலையில் தோன்றியது. அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து மஞ்சள் கவரை எடுத்துச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டு வந்தாள். அதனுள் இருந்தது ஒரு படம். மின்னல் எடுத்தது. அவளுடைய ஒரு கண் மட்டும்.

தம்பி காபியும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்திலும் ஒரு மஞ்சள் கவர். ஊரில் படத்தை நன்றாகப் பிரிண்ட் போடும் கடை ஒன்றுதான். எல்லோருக்கும் அதே மஞ்சள் கவர், அதே அகல டேப்.

"இன்னிக்கு உங்க போட்டோ கூட்டத்துல என்ன தலைப்பு?" என்று கேட்டாள், எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே என்று.

"முகத்துல ஒரு பகுதி. முழு முகம் வரக் கூடாது."

"நீ எதை எடுத்திருக்க?"

"கயித்துல தொங்கற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுக்கா. விதி." ரொட்டியை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். "ஆமா, அப்பாவுக்கு என்ன சொல்றது? அந்த எஞ்சினியர் விஷயம்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்." கவரை மேஜையில் வைத்தாள். "நீ கோபப்படக் கூடாது."

அவன் போன் அடித்தது.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுலயா? உள்ள எத்தனை பேர்? யாரையும் கதவைத் தள்ள விடாதீங்க, வந்துட்டேன்." டூல் பையைத் தோளில் மாட்டினான். மேஜையிலிருந்து கவரை எடுத்தான். "சாயங்காலம் பேசிக்கலாம்க்கா. ஆறு மணிக்குள்ள வந்துடறேன்."

அவன் போன பிறகு அக்கா மீதியிருந்த கவரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு லேபுக்குக் கிளம்பினாள்.

* * *

மதியம் ஒரு மணிக்குக் கடைசி பல் செட்டைப் பாலிஷ் போட்டு முடித்து, கையைக் கழுவி, வழக்கம்போல அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று கவரை எடுத்தாள்.

ஒரு வாரத்தில் ஒன்பது முறை பிரித்து ஒட்டியதில் அவள் கவரின் டேப் பசை போய்ச் சுருண்டிருந்தது. இந்தக் கவரின் டேப் புத்தம் புதிதாக, இறுக்கமாக இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதலில் மின்னலுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். வண்டியில் இருந்தால் அவர் போனை எடுக்கவே மாட்டார். அடுத்து மருந்துக்காரிக்கு. தம்பியின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"கவர் மாறிடுச்சு" என்றாள் அக்கா.

"எந்தக் கவர் அண்ணி?"

"கண்ணு இருக்கற கவர். உன் புருஷன் கையில இருக்கு."

அந்தப் பக்கம் யாருக்கோ, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்று சொல்லும் குரல் கேட்டது. பிறகு அது பதறியது. "ஐயோ. அந்தப் படத்துல நானும் இருக்கேனே."

உண்மைதான். அந்தப் படம் எடுத்த அன்று, அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்த மருந்துக்காரியை மின்னல் விடவில்லை. பஸ் முன்கண்ணாடியில் வெயில் படாமல் விரிக்கும் வெள்ளித் தட்டியை அவள் கையில் கொடுத்து, "ரெண்டு நிமிஷம் இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க" என்றார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அக்காவின் முகத்தின் நிழல் பக்கத்தில் விழுந்தது; தட்டியும் அதைப் பிடித்தவளும் அக்காவின் கண்மணிக்குள் விழுந்தார்கள். மருந்துக்காரி அன்று முதல் இந்த ரகசியத்தில் பங்குதாரர்.

"இதைப் பிரிச்சுப் பாத்தீங்களா அண்ணி? அவர் என்ன எடுத்திருக்கார்?"

"பிரிக்கல. கயித்துல தொங்கறதுக்கு முன்னாடி பாக்கக் கூடாதாம்."

"இந்த நேரத்துல விதியைப் பாக்கறீங்க."

"நான் பாக்காம யார் பாக்கறது? நீ எப்ப வருவ?"

"மூணு மணிக்கு. கண்ணாடிக்கடை மாடிப்படிக்குக் கீழ நில்லுங்க. மேல போய் யாருக்கும் தெரியாம மாத்திடலாம்."

* * *

கண்ணாடிக்கடையின் மாடி அறைதான் குழு கூடும் இடம். கடைக்காரர்தான் குழுவின் தலைவர், காவலாளி, டீ போடுபவர் எல்லாம். சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கயிறு. வந்தவர்கள் கவரை அவரிடம் கொடுக்க வேண்டும். யார் எதைக் கொடுத்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, கவரைப் பிரித்து, எண் ஒட்டி, துணி கிளிப்பில் மாட்டுவார். படம் யாருடையது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எல்லாப் படத்தையும் பேசி முடித்த பிறகுதான் பெயர். அதுவரை கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது.

அக்காவும் மருந்துக்காரியும் மூச்சிரைக்க மேலே வந்தபோது மணி மூன்று இருபது. பத்துப் படங்களும் தொங்கிக்கொண்டிருந்தன. ஏழாவது கிளிப்பில், கதவைப் பார்த்தபடி, அக்காவின் கண்.

"வாங்க வாங்க" என்றார் கடைக்காரர். "குடும்பத்தோட வந்திருக்கீங்க. இன்னிக்குப் படிக்கறது நம்ம ஜன்னல்தான்."

வாரம் ஒருவர் படிப்பார். என்ன லென்ஸ், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எது நன்றாக வந்திருக்கிறது, எது சொதப்பல் என்று பெயர் தெரியாமலே ஒவ்வொரு படமாகச் சொல்ல வேண்டும். இந்த வாரம் தம்பியின் முறை.

பின்வரிசையில் பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். அதே வரிசையின் அந்த ஓரத்தில் காக்கிச் சட்டையோடு மின்னல். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கண்ணால் காட்டினார். நீங்களா வைத்தீர்கள் என்று புருவம் கேட்டது. அக்கா இல்லை என்று தலையசைத்து, கைப்பையிலிருந்து மஞ்சள் கவரின் நுனியைக் காட்டினாள். மின்னலுக்குப் புரிந்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முன்னால் தம்பி கடைக்காரரின் காதில், "சார், என்னோடதை மாட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ குடுத்தது மாட்டியிருக்கு."

"இல்லையே, காணோமே."

"எத்தனாவதுன்னு நான் சொல்ல முடியாது. விதி போட்டவனே நீதான். போய்ப் படி."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு முதல் கிளிப்புக்குப் போனான்.

முதல் படம் ஒரு காது. "ஐம்பது எம்எம் லென்ஸ். கம்மல் நல்லா ஃபோகஸ் ஆகியிருக்கு, காது ஆகல. எடுத்தவங்க கம்மல்கடை வச்சிருக்காங்களா?" சிரிப்பு.

இரண்டாவது, ஒரு மூக்கு, வெகு தூரத்திலிருந்து எடுத்தது. "அறுநூறு எம்எம். இதுக்குப் பேரே வேண்டாம். பறவை டீச்சர், மனுஷங்களை எடுக்கறப்பவாவது கிட்டப் போகலாம்."

"கிட்டப் போனா பறந்துடுவாங்கன்னு பயம்" என்றார் பறவை டீச்சர். பள்ளியில் விலங்கியல் எடுக்கும் அவருடைய லென்ஸ், ஒரு நாற்காலியைத் தனியாகப் பிடித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது, ஒரு பெரிய மீசை. ஒவ்வொரு முடியும் கம்பி மாதிரி நின்றது.

"ரெண்டு ஃப்ளாஷ். ஒண்ணு வலது, ஒண்ணு பின்னாடி. குடை மாதிரி எதையாவது முன்னாடி வச்சு வெளிச்சத்தைப் பரப்பியிருக்கணும், வைக்கல." தம்பி கடைக்காரர் பக்கம் திரும்பினான். "சார், இதை எடுத்தவர் யாரா இருந்தாலும் அவர்கிட்ட சொல்லுங்க. மீசைக்காரருக்கு இன்னும் கண்ணு கூசிட்டு இருக்கும்."

"சார், எடுத்தவர் யாரா இருந்தாலும் அவர் சார்பா நான் சொல்றேன்" என்றார் மின்னல் பின்னாலிருந்து. "மீசைக்காரர் எங்க கண்டக்டர். கண்ணு நல்லா இருக்கு. இப்பவும் சில்லறை சரியாத்தான் குடுக்கறார்."

அறை முழுக்கச் சிரித்தது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு கிளிப்பாக அவன் நெருங்கிக்கொண்டிருந்தான்.

ஏழாவது படத்தின் முன் தம்பி நின்றான். ஓரடி பின்னால் போனான். மறுபடி கிட்டே வந்தான். அக்கா கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு இது?" என்றான் தம்பி.

மருந்துக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நம்ம குழுவுல யாரு இப்படி எடுக்கறது? எனக்குத் தெரியாம?" அவன் குரலில் கோபம் இல்லை. பசித்தவன் தட்டைப் பார்த்த குரல். "சார், உங்க பூதக்கண்ணாடியைக் குடுங்க."

கடைக்காரர் கொடுத்தார். தம்பி குனிந்து அந்தக் கண்ணுக்குள் பார்த்தான்.

"மேக்ரோ லென்ஸ், ரொம்பக் கிட்டத்துல எடுக்கறது. நூறு எம்எம். நம்மள்ல யார்கிட்டயும் அது இல்ல, யாரோ கடன் வாங்கியிருக்காங்க." லேபில் பல்லைப் படம் பிடிக்க வைத்திருக்கும் லென்ஸ் அது. "கேமரா ஆடாம ட்ரைபாட் போட்டு எடுத்திருக்கு. ஃப்ளாஷ் கிடையாது. இதைக் கவனிங்க எல்லாரும். ஃப்ளாஷ் கிடையாது." கடைசி வாக்கியத்தைப் பின்வரிசை ஓரத்தைப் பார்த்துச் சொன்னான்.

மின்னல் பணிவாகத் தலையாட்டினார்.

"கண்மணியில பாருங்க, நீளமா ஒரு வெள்ளைக் கட்டம். அது ஜன்னல். வடக்குப் பக்கத்து ஜன்னல், நேர் வெயில் வராது. அதுக்குக் கீழ பளபளன்னு இன்னொண்ணு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கறதுக்கு ஏதோ பிடிச்சிருக்காங்க. கடையில விக்கற ரிஃப்ளெக்டர் இல்ல. கட்டம் கட்டமா தையல் தெரியுது. இது வேற ஏதோ. ஆனா என்ன மூளை பாருங்க."

"எங்களுக்கும் காட்டேன்" என்றார் பறவை டீச்சர். பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு, புருவத்தைப் பார்த்தார். மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, தன் லென்ஸைத் தடவிக்கொடுத்தார்.

தம்பி எதையும் கவனிக்கவில்லை. மீண்டும் குனிந்துவிட்டான்.

"உள்ள ரெண்டு ஆளு தெரியறாங்க. ஒருத்தர் கேமராவுக்குப் பின்னாடி. இன்னொருத்தர் அந்தப் பளபளப்பைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. பொம்பளை. கொண்டையில பேனா செருகியிருக்கு."

மருந்துக்காரி கொண்டையிலிருந்து பேனாவை உருவிக் கைப்பைக்குள் போட்டாள்.

"புருவத்துல வெள்ளையா தூள் ஒட்டியிருக்கு. மாவோ, சுண்ணாம்போ. துடைக்கச் சொல்லல. புருவ நுனியில சின்னத் தழும்பு, அங்க மட்டும் முடி முளைக்கல. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷத்துல அழிச்சிருக்கலாம், அழிக்கல. இவங்க இப்படித்தான், இப்படியே நல்லா இருக்காங்கன்னு நினைச்சு எடுத்திருக்கு. லென்ஸ் இருந்தா மட்டும் இது வராது." நிமிர்ந்தான். "ஒரே ஒரு குறை. இமை முடி நுனி லேசா ஆடியிருக்கு. மத்தபடி இந்த வருஷம் இந்தக் கயித்துல தொங்கின படத்துலயே இதுதான் முதல்."

அந்தத் தழும்பைப் பாதிப் பேருக்குத் தெரியும். மழையோ வெயிலோ, அவன் மறந்துவிட்டுப் போகும் பேட்டரியையும் மெமரி கார்டையும் மாடியேறிக் கொண்டு வந்து கொடுக்கிறவளின் முகம் அது.

"என்ன, எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டீங்க?" என்றான் தம்பி. "சார், மத்த மூணையும் அப்புறம் படிக்கறேன். இதுக்கு மட்டும் இப்பவே பேரைச் சொல்லுங்க. என்னால இருக்க முடியல."

"விதி..."

"விதியை நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் நோட்டைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். "ஏழாம் நம்பர், நீ குடுத்த கவர்."

"நானா?"

"காலைல பதினொரு மணி. ஆஸ்பத்திரி லிஃப்ட்டைச் சரி பண்ணிட்டு நேரா வர்றேன்னு சொல்லிக் குடுத்த."

"நான் இதை எடுக்கல சார். நான் எடுத்தது வேற."

"அது என்கிட்ட இருக்கு" என்றாள் அக்கா.

எழுந்து நின்றாள். மஞ்சள் கவரை நீட்டினாள். "மேஜையில ரெண்டு கவர் இருந்துச்சு. நீ என்னோடதை எடுத்துட்டுப் போயிட்ட. நான் இதைப் பிரிக்கல."

தம்பி அவளைப் பார்த்தான். லேபிலிருந்து நேராக வந்திருந்ததால் வலது புருவத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. புருவ நுனியில் தழும்பு. அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது அவன் எறிந்த பொம்மை லாரி பட்டது.

திரும்பிப் படத்தைப் பார்த்தான். மறுபடி அக்காவை.

"லென்ஸைச் சொன்ன. ஜன்னல் எந்தத் திசைன்னு சொன்ன" என்றாள் அக்கா. "கண்ணு யாரோடதுன்னுதான் சொல்லல."

தம்பியின் காது மடல்கள் சிவந்தன. உட்கார இடம் தேடி, டீச்சரின் லென்ஸ் இருந்த நாற்காலியில் உட்காரப் போய், டீச்சர் கத்தியதும் நிமிர்ந்தான்.

"யாரு எடுத்தது?" என்று கேட்டான்.

பின்வரிசை ஓரத்தில் மின்னல் எழுந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரி நின்றார்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக, நடுவில் ஆள் வைக்காமல், தம்பி அவரிடம் பேசினான். "நீங்களா? ஃப்ளாஷ் இல்லாமயா?"

"அவங்க உள்ள வைக்கச் சொல்லிட்டாங்க."

"அந்தத் தையல் போட்ட ரிஃப்ளெக்டர்?"

"பஸ் கண்ணாடிக்கு விரிக்கற வெயில் தட்டி."

"அதைப் பிடிச்சிட்டு நின்னது?"

"ஏங்க, டீ ஆறுது" என்றாள் மருந்துக்காரி.

அவிழ்ந்து தோளில் விழுந்துகிடந்த அவள் கூந்தலைத் தம்பி ஒரு கணம் பார்த்தான். "உன் பேனா எங்க?"

"கடையில வச்சிட்டேன்."

"சரி. அதை வீட்ல பேசிக்கலாம்." மறுபடி மின்னலிடம் திரும்பினான். அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ட்ரைபாட் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் இமை ஆடியிருக்கு?"

மின்னல் காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகினார். "பட்டனை அமுக்கற நேரத்துல அவங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்னன்னு?"

"கேட்டேன். அவங்க ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இமை மட்டும் அசைஞ்சுது. அன்னியிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன்."

அறையில் யாரோ பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது.

கடைக்காரர் எழுந்து வந்தார். அக்கா நீட்டிய தம்பியின் கவரை வாங்கிக்கொண்டார். "இது இந்த வாரத்துக்கு வந்த கவர். மாட்டாம விடக் கூடாது, இல்லையா?"

"சார், வேண்டாம் சார்" என்றான் தம்பி.

"விதி" என்று டேப்பைக் கிழித்தார்.

படத்தை எடுத்துப் பார்த்தவர், ஏழாவது படத்துக்குப் பக்கத்தில், அதற்குச் சற்றுக் கீழே வருமாறு மாட்டினார்.

ஓர் உதடு. கீழுதட்டின் ஓரமும் கன்னத்தில் விழுந்த குழியும், அருகில் மங்கலாக ஒரு போன். சமையலறை ஜன்னல் வழியாக எடுத்தது. போனில் யாரோ சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் அக்காவின் சிரிப்பு. தம்பி தன் படங்களின் கீழ் ஓரத்தில் பென்சிலால் தலைப்பு எழுதுவான். இதில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'யாரிடம்?'

அக்கா கயிற்றருகே வந்து நின்று அதைப் படித்தாள்.

"ஒரு மாசமா பாக்கறேன்" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "போன் வந்தா கொல்லைப்பக்கம் போயிடற. நேரா கேட்டா நீ பேச்சை மாத்திடுவ. கயித்துல மாட்டி வச்சு உன்னைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு நினைச்சேன். அப்பா போன் பண்றதுக்குள்ள. இவராத்தான் இருக்கும்னு மட்டும் நினைக்கல."

"நினைச்சிருந்தா?"

அவன் யோசித்தான். "படத்தை இன்னும் கொஞ்சம் இருட்டா எடுத்திருப்பேன்."

அக்கா சிரித்துவிட்டாள். படத்தில் இருந்த அதே குழி கன்னத்தில் விழுந்தது.

"சிரிக்காத. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றான் தம்பி. "என்கிட்ட சொல்றதுக்கு என்னக்கா பயம்? வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்னு சண்டை போட்டோம். அதுக்காக உன்..." முடிக்காமல் மின்னலிடம் போனான். கேமராப் பையைத் திறந்து, துணியில் சுற்றிய லென்ஸ் ஒன்றை எடுத்தான். அவன் யாரையும் தொட விடாத லென்ஸ். மருந்துக்காரிகூட அதைத் துடைத்ததில்லை.

"எண்பத்தஞ்சு எம்எம். முகத்துக்குன்னே செஞ்ச லென்ஸ். துண்டு துண்டா எடுத்தது போதும். அடுத்த தடவை முழு முகமும் எடுங்க."

மின்னல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டே சிரித்தார்.

மிச்சமிருந்த மூன்று படங்களை யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்று யாருக்கும் நினைவில்லை. டீ இரண்டு முறை போடப்பட்டது. வெயில் தட்டியை எப்படிப் பிடித்தால் நிழல் எவ்வளவு மென்மையாகும் என்று மின்னலும் ஜன்னலும் ஆறு பேரை நிற்கவைத்துக் காட்டினார்கள். ஒரு ஃப்ளாஷைச் சுவரில் அடித்துத் திருப்பினால் அதுவும் ஒரு ஜன்னல்தான் என்று மின்னல் சொல்ல, "அது வாடகை ஜன்னல்" என்றான் தம்பி.

ஆறு மணிக்கு அவன் போன் அடித்தது.

அறை சட்டென்று அடங்கியது. தம்பி திரையைப் பார்த்தான். "அப்பா." அக்காவிடம் நீட்டினான். "நான் என்ன சொல்லட்டும்? இவர் கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லலியே."

அக்கா போனை உடனே வாங்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுச் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தாள். மின்னலின் முன்னால் மேஜையில் வைத்தாள். பஞ்சுக்கு நடுவில் ஒரே ஒரு பல்.

"உங்க கேப்" என்றாள்.

"நிறம் சேரலன்னு சொன்னீங்களே."

"முதல் வாரமே சேர்ந்துடுச்சு. ரெடியாகி ரெண்டரை மாசம் ஆச்சு."

தம்பியின் கையிலிருந்து போனை வாங்கினாள். "அப்பா, உக்காந்துட்டுக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மின்னல் பல்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி பல்லைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து சிரித்தார். மஞ்சள் கேப் பளிச்சென்று தெரிந்தது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எல்லோரும் கதவருகே போய் நின்றார்கள். அக்கா ஏதோ சொன்னாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை பால்கனிக் கம்பியைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது.

"மாமா என்ன சொல்றார்? அண்ணி முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மருந்துக்காரி, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

தம்பி கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான். அக்காவுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தெரிந்தது ஒரு கறுப்பு உருவம் மட்டும்.

"பின்னாடியிலேர்ந்து வெளிச்சம் அடிக்குது. முகமே தெரியல." கொஞ்ச நேரம் தவித்துவிட்டு மின்னல் பக்கம் திரும்பினான்.

"அந்த ஃப்ளாஷை எடுங்க."